பிற உயிர்கள்: ஒன்று

அந்தப் படிவத்தில் இசக்கியம்மாள் பூஜ்யம் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒன்று என்று எழுதித் தொலைத்தாள்.

வட ஜப்பானில் அவள் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு சடங்கு உண்டு. அந்த வருடம் ஆராய்ச்சிக்காகச் செத்துப்போன பிராணிகளுக்கு அஞ்சலி. மருத்துவக் கட்டடத்துக்குப் பின்னால் ஆளுயரக் கல் ஒன்றை நட்டு வைத்திருக்கிறார்கள். பேராசிரியர்கள், மாணவர்கள், கூண்டு கழுவுகிறவர்கள் எல்லோரும் கறுப்பு உடுப்பில் வரிசையாக வந்து, ஆளுக்கொரு வெள்ளைச் செவ்வந்தியை வைத்துக் குனிந்து வணங்குவார்கள். சுண்டெலி இத்தனை ஆயிரம், முயல் இத்தனை, தவளை இத்தனை என்று ஒருவர் மைக்கில் வாசிப்பார். வந்த புதிதில் இசக்கிக்கு இது எரிச்சலாக இருந்தது. கொன்றுவிட்டுக் கும்பிடுவது என்ன வழக்கம்? ஆறு வருடத்தில் அதெல்லாம் பழகிவிட்டது. சொல்லப்போனால் வருடத்தில் அவள் ஆசைப்பட்டுப் போகிற ஒரே கூட்டம் அதுதான். வேறு எந்தக் கூட்டத்துக்கும் அவளை யாரும் கூப்பிடுவதில்லை என்பதும் ஒரு காரணம்.

எண்ணிக்கையை ஒவ்வொரு லேபும் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்கள் லேபில் இந்த வருடம் அது இசக்கியின் முறை. சுண்டெலிக்கு நேராக 212 என்று எழுதினாள். எலி, முயல், தவளை மூன்றுக்கும் பூஜ்யம். கடைசியில் ‘பிற உயிர்கள்’ என்று ஒரு கட்டம். பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது. வியாழக்கிழமை தான் செய்யப்போகிற காரியத்தை நினைத்தாள். ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள்.

திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து நோஜிமா வந்து நின்றான். பிராணிப் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞன். போனில் கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடும் என்று நேரில் வந்திருந்தான். கையில் இரண்டு தாள்கள்.

“மன்னிக்கணும், இசக்கி-சான். இந்த ஒண்ணு எந்தப் பிராணின்னு தெரிஞ்சா உதவியா இருக்கும்” என்றான் ஜப்பானிய மொழியில், மரியாதைக்குப் பெயரோடு ‘சான்’ சேர்த்து. “பறவையா?”

“இல்லை.”

“மீனா?”

“மீனும் இல்லை.”

நோஜிமாவுக்கு வேர்த்துவிட்டது. “பிராணின்னா அனுமதி எண் இருக்கணும். உங்க லேபுக்கு எங்க பதிவேட்டுல சுண்டெலி மட்டும்தான். அனுமதி இல்லாம வச்சிருந்தா அது பெரிய விஷயமாயிடும். பிராணியே இல்லைன்னா அஞ்சலிப் பட்டியல்ல சேர்க்க முடியாது. ரெண்டுல எதுன்னு புதன்கிழமைக்குள்ள எழுத்துல கொடுத்துடுங்க. இல்லேன்னா நெறிமுறைக் குழுவுக்குப் போயிடும்.”

இரண்டில் எது என்று தெரிந்திருந்தால் அவள் ஏன் அந்தக் கட்டத்தில் எழுதப்போகிறாள்? யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவன் மூன்று தடவை குனிந்து வணங்கிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்ததும் சங்கரன்கோவிலில் இருக்கும் அக்காவைப் போனில் பிடித்தாள். பேச்சியம்மாள் சத்துணவு அமைப்பாளர். ஜப்பானில் ஏழு மணி என்றால் அங்கே மூன்றரை. பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பாள்.

“ஏட்டி, சாப்ட்டியா?”

“இன்னும் இல்லக்கா.”

“ஒத்தையில கெடந்து ஒடம்பக் கெடுத்துக்கிடாத. கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்கு?”

இசக்கி படிவத்தைப் பற்றிச் சொன்னாள். பதினேழைப் பற்றியும் சொல்ல வேண்டி வந்தது. லேபில் பதினேழாவது கிண்ணத்தில் வளர்வதால் அதற்கு அந்தப் பெயர்.

“மூளையவா வளக்க? எப்படிட்டி வளப்பிய?”

“ரத்தத்துல உள்ள செல்ல எடுத்து, கருவுல இருந்த மாதிரி அத இளசாக்கிருவோம்க்கா. பொறவு அதுகிட்ட நீ மூளையா வளருன்னு சொல்லணும்.”

“சொன்னா கேக்குமாக்கும்?”

“மருந்த விட்டா கேக்கும். மத்த எடத்துல ரெண்டு மாசம், மூணு மாசத்துல உள்பக்கம் செத்துப்போவும். எங்க லேபுல அதுக்குள்ள ரத்தக்குழாயும் சேத்து வளத்துட்டோம். அதான் இது மூணு வருசமா உசுரோட இருக்கு. ஒலகத்துலயே இதுதான் மூத்தது.”

“யாரு ரத்தம்?”

இசக்கி தயங்கினாள். “எனக்குள்ளதுதான். வேற ஒராளு குடுத்ததுல பூஞ்சை புடிச்சிட்டு. அன்னைக்கு அவசரத்துக்கு என் கையில இருந்து எடுத்தோம்.”

“அப்பம் ஒன் மூளைதான் டப்பாக்குள்ள இருக்குன்னு சொல்லு. மண்டைக்குள்ள உள்ளது கொஞ்சம் கொறையுதேன்னு பாத்தேன்.”

இசக்கிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. “மூளைன்னு சொல்ல முடியாதுக்கா. ஒரு பட்டாணி. கண்ணு கெடையாது, காது கெடையாது. வலி தெரியாது.”

“பொறவு என்னதான் தெரியும் அதுக்கு?”

“நான் வாரது தெரியும்.”

சொல்ல ஆரம்பித்தாயிற்று, இனி முழுவதும் சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்து இசக்கி விவரித்தாள். பதினேழு இன்குபேட்டர் என்கிற கதகதப்பான பெட்டிக்குள் இருக்கிறது. லேப் திறந்திருக்கும் நாளெல்லாம் காலை எட்டு நாற்பதுக்கு அவள் கதவைத் திறந்து, பழைய சத்துத் திரவத்தை எடுத்துவிட்டுப் புதியதை விடுவாள். கதவு திறந்ததும் கிண்ணம் லேசாக அதிரும். புதுத் திரவத்தின் சூடு படும். அப்போது திரையில் பதினேழின் மின்துடிப்பு எகிறும். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒருநாள் பார்த்தபோது, துடிப்பு எட்டு இருபதுக்கே ஏற ஆரம்பித்திருந்தது. கதவு மூடியிருக்கிறது, ஒருவரும் தொடவில்லை. அன்றிலிருந்து எல்லா நாளும் அப்படித்தான்.

“எதிர்பாத்துக்கிட்டு இருக்குங்கியா?”

“எனக்கு அப்படித்தான் தோணுது.”

பேச்சி விடவில்லை. “அப்பம் அப்பாவுக்குப் பதினாறுக்கு நீ இங்கன வந்து கெடந்தியே, அப்பம் என்ன செஞ்சிது?”

ஆராய்ச்சிக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வியைச் சத்துணவுக்காரி கேட்டுவிட்டாள். அந்தப் பதினாறு நாளும் மெஷின்தான் சத்து கொடுத்தது. முதல் நாலு நாள் துடிப்பு எட்டு இருபதுக்கு ஏறி, எட்டு நாற்பதைத் தாண்டி, பத்து மணி வரை இறங்காமல் நின்றது. ஐந்தாம் நாளிலிருந்து நேரங்கெட்ட நேரத்தில் ஏறியது. மதியம், சாயங்காலம், விடியற்காலை என்று நாள் முழுக்கத் தேடியது. பத்தாம் நாள் நின்றுபோனது. அதற்குப் பிறகு வெறும் மெல்லிய கோடு. அவள் திரும்பி வந்து கதவைத் திறந்த அன்று நாற்பது நிமிடம் அடங்கவில்லை.

“அடப் பாவமே” என்றாள் பேச்சி. பிறகு, “வியாழக்கெழம அத என்ன செய்யணும்?”

“குளுர வச்சு நிறுத்தி, மெல்லிசாச் சீவி, சாயம் ஏத்தி, ரத்தக்குழாய் உள்ள வர போயிருக்கான்னு காட்டணும். அதுக்குத்தான வளத்தது.”

“நீயா சீவணும்?”

“நான்தான்.”

“சரிட்டி, அடுப்புல பால் கெடக்கு, பொறவு பேசுதேன்” என்று பேச்சி போனை வைத்துவிட்டாள். அந்த வீட்டில் மூன்றரை மணிக்கு யாரும் பால் காய்ச்சுவதில்லை என்று இசக்கிக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை ஹொரிகுச்சி சென்செய், அதாவது ஹொரிகுச்சி வாத்தியார், கூப்பிட்டனுப்பினார். லேபின் தலைவர், வயது அறுபத்திரண்டு. தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவர். மூன்று வருடத்துக்கு முன் மனைவி இறந்தபோது நான்காம் நாள் வந்து வகுப்பு எடுத்தார் என்று மாணவர்கள் சொல்லுவார்கள். இரும்பு மனுஷன் என்று இசக்கி மனதுக்குள் பட்டம் கொடுத்திருந்தாள். படிவத்தின் நகல் அவர் மேஜையில் இருந்தது.

“இது பதினேழா?”

“ஆமா, சென்செய்.”

“ஏன்?”

மறைத்துப் பயனில்லை என்று பதினேழின் துடிப்பு வரைபடங்களை அவர் முன்னால் பரப்பினாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. ஒரு காய்கறிக் கணக்கைப் பார்க்கிறவர்கூட இதைவிட ஆர்வமாகப் பார்ப்பார் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

“வேற யாருக்குத் தெரியும்?”

“ஊர்ல எங்க அக்காவுக்கு மட்டும். குழுவுல சொல்லிடலாம்னு இருக்கேன். தெரிஞ்சா வியாழக்கிழமை வேலையை நிறுத்திடுவாங்க.”

“நிறுத்துவாங்க” என்று ஒப்புக்கொண்டார். “அப்புறம்?”

“அப்புறம்னா?”

“ஒரே ஒரு கிண்ணம். தற்செயலா இருக்கலாம்னு சொல்லுவாங்க. இது நிஜமான்னு உறுதிப்படுத்தணும். சோதனையை நீங்களே வடிவமைச்சுச் சொல்லுங்க.”

ஆறு வருடப் பழக்கம். அவர் கேள்வி கேட்டால் அவள் மூளை தானாக ஓட ஆரம்பித்துவிடும். “மூணு பிரிவு வேணும், சென்செய். பிரிவுக்கு நாற்பது வச்சா போதும். ஒரு பிரிவுக்கு மெஷின் மட்டும். இன்னொண்ணுக்குத் தினமும் ஒரே நேரத்துல ஒரு ஆள். மூணாவதுக்கு ஒரு வருஷம் ஆள் வந்துட்டு, அதுக்கப்புறம்…”

அங்கேயே நிறுத்திவிட்டாள். தன் வாயால் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

“அதுக்கப்புறம் வராம விட்டுடணும்” என்று ஹொரிகுச்சி முடித்தார். “நாற்பது. போன வசந்தத்துல மருந்துக் கம்பெனிலேர்ந்து வந்த ரெண்டு பேர் என்ன கேட்டாங்கன்னு ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இருந்தது. மனச்சோர்வு மருந்துகளைச் சோதிக்க எலி சரிப்படவில்லை, மனுஷ மூளைத் திசுவைச் சோர்ந்துபோக வைக்க முடியுமா என்று கேட்டார்கள். வழி தெரியவில்லை என்று இவர்கள் பதில் சொல்லியிருந்தார்கள். அந்த வழியைத்தான் இப்போது அவள் மேஜைமேல் பரப்பி வைத்திருக்கிறாள். நாற்பதோடு எவன் நிறுத்துவான்? நாலாயிரம் கிண்ணங்களில் நாலாயிரம் பட்டாணிகள், எல்லாம் எட்டு இருபதுக்கு எழுந்து, வராத ஒருத்திக்காக.

“கைப்பிழைன்னு எழுதிக் கொடுத்துடுங்க” என்றார் அவர். “வியாழக்கிழமை வேலை உங்களால முடியாதுன்னா நான் செய்யறேன்.”

“நானே செய்யறேன்” என்றாள் வெடுக்கென்று. தன் கட்டுரை நேரத்துக்கு வெளிவந்தால் போதும் இந்த மனுஷனுக்கு. அவர் சொன்னது அத்தனையும் சரி என்பதால் அவள் கோபம் இரண்டு மடங்காயிற்று.

புதன்கிழமை நோஜிமாவிடம் கடிதம் கொடுத்தாள். கவனக்குறைவால் நேர்ந்த கைப்பிழை, பிற உயிர்கள் பூஜ்யம் என்று திருத்திக்கொள்ளவும். அவன் முகம் மலர்ந்துபோனது. பாவம், இரண்டு நாள் தூங்கியிருக்க மாட்டான்.

வியாழக்கிழமை இசக்கி எட்டு மணிக்கே லேபுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு ஒருநாளாவது அது காத்திருக்க வேண்டாம் என்று நினைத்தாள். கதவைத் திறந்தாள். திரவத்தை வழக்கத்தைவிடப் பொறுமையாகச் சூடாக்கி, சொட்டுச் சொட்டாக மாற்றினாள். திரையில் துடிப்பு திடுக்கிட்டாற்போல் குதித்து, பிறகு நிதானமாக அலையடித்தது. எட்டு இருபது ஆயிற்று. ஏற்றம் ஒன்றும் இல்லை. எதிர்பார்க்க வேண்டியது ஏற்கெனவே வந்தாயிற்று. அவள் கிண்ணத்தின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குக் காது கிடையாது என்று அக்காவிடம் சொன்னவள், இப்போது அதனிடம் தமிழில் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள். எட்டே முக்காலுக்குக் குளிர்திரவத்தை விட ஆரம்பித்தாள். ஒன்பது ஐந்துக்குக் கோடு படுத்துவிட்டது. மாலைக்குள் எழுபத்து நான்கு சீவல்கள். ரத்தக்குழாய்கள் அடி ஆழம் வரை போயிருந்தன. அவ்வளவு தெளிவான படத்தை உலகத்தில் யாரும் எடுத்ததில்லை. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அடுத்த செவ்வாய் அஞ்சலி. வெயில் அடித்தது, காற்று மட்டும் குளிர். மைக்கில் சுண்டெலி பதினோராயிரத்துச் சொச்சம் என்று வாசித்தார்கள். பிற உயிர்கள், நான்கு. அவை வேறு ஏதோ ஒரு லேபின் காடைகள். இசக்கி பூவை வைத்து வணங்கிவிட்டு நகர்ந்தாள். அடுத்தது ஹொரிகுச்சி. குனிந்தவர் நிமிரவே இல்லை. பின்னால் நின்றவர் இருமும் வரை அப்படியே இருந்தார். இந்த நடிப்பெல்லாம் இவருக்கு நன்றாக வருகிறது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பதினேழின் மூன்று வருடப் பதிவுகளையும் ஒழுங்குபடுத்தி ஆவணக் கிடங்குக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அவளுடைய வரைபடங்களில் ஞாயிற்றுக்கிழமை என்பதே கிடையாது. அன்றைக்கு லேப் விடுமுறை, மெஷின் நாள் முழுக்கத் துளித்துளியாக விட்டுக்கொண்டிருக்கும், பார்க்க என்ன இருக்கிறது என்று ஆரம்பத்திலேயே ஒதுக்கியிருந்தாள். அனுப்புமுன் கோப்பு சரியாகத் திறக்கிறதா என்று ஒரு ஞாயிறைத் திறந்து பார்த்தாள். காலை முழுக்கத் தட்டையான கோடு. மதியம் இரண்டே முக்காலுக்குத் துடிப்பு ஏற ஆரம்பித்து, மூன்று மணிக்கு எகிறியிருந்தது.

இன்னொரு ஞாயிறைத் திறந்தாள். இரண்டே முக்கால், மூன்று. அதற்கு முந்தையதும் அப்படியே. இரண்டு வருடத்து ஞாயிறுகள் அத்தனையிலும் யாரோ மூன்று மணிக்கு அந்தக் கதவைத் திறந்திருக்கிறார்கள். தன்னைத் தவிர இன்னொருவருக்காகவும் பதினேழு காத்திருந்திருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்கு முதலில் வந்தது பொறாமை. அது தணிந்த பிறகுதான், விடுமுறை நாளில் அந்தத் தளத்துக்குச் சாவி வைத்திருப்பவர் ஒரே ஒருவர் என்பது உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவள் போனபோது வெளிக்கதவு திறந்துதான் இருந்தது. ஹொரிகுச்சி மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் இன்குபேட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கை கதவின் பிடியில் இருந்தது. பதினேழின் தட்டு காலி. கீழ்த்தட்டில் ஒரு புதிய தொகுதி. அதே ரத்தத்தில் வளர்த்த ஆறு, இன்னும் கடுகளவுதான். முன்பே அனுப்பியிருந்த கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர்கள் மறுபடி செய்து காட்டச் சொன்னதால் போன மாதம் ஆரம்பித்தவை.

“ஞாயிற்றுக்கிழமை நீங்க வர்றதில்லையே” என்றார் திரும்பாமல்.

“நீங்க வர்றீங்கன்னு முந்தாநாள்தான் தெரிஞ்சுது, சென்செய்.”

அதற்கு அவர் பேசியதுதான் ஆறு வருடத்தில் அவள் அவரிடம் கேட்ட மிக நீண்ட பேச்சு.

“ஒரு ஞாயிறு மெஷின்ல குழாய் அடைச்சிருந்தது. கையால மாத்தினேன். அடுத்த வாரம் மெஷின் நல்லாத்தான் இருந்தது. ஆனாலும் வந்தேன். வீட்டுல இருக்க முடியல. ஏழெட்டு வாரம் கழிச்சுப் பார்த்தா, நான் வர்றதுக்கு முன்னாடியே அது துடிக்க ஆரம்பிச்சிருந்தது. பார்த்ததும் புரிஞ்சுது. அன்னைக்கே முடிச்சிருக்கணும், இசக்கி-சான். நமக்கு வேண்டிய ரத்தக்குழாய் அப்பவே வளர்ந்தாச்சு. இன்னும் ஆறு மாசம் பார்ப்போம்னு தள்ளிப்போட்டேன். நாலு தடவை தள்ளிப்போட்டேன். ஒரு தடவைகூட நீங்க ஏன்னு கேக்கல.”

கேட்கவில்லைதான். ஒவ்வொரு முறை தள்ளிப்போனபோதும் அவளுக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

இசக்கி அந்தக் கதவையே பார்த்தாள். மெஷின் நாள் முழுக்கத் துளித்துளியாக விடுகிறது. அதில் வருவதும் இல்லை, போவதும் இல்லை. மெஷினிடமே விட்டிருந்தால் பதினேழுக்குக் காலை என்று ஒன்றும் இருந்திருக்காது, ஞாயிறு என்று ஒன்றும் இருந்திருக்காது. மெஷின் இருந்தும் கையால்தான் செய்வேன் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். அடைத்துக்கொள்ளும் என்று காரணம் சொல்லிக்கொண்டாள். அடைத்தது என்னவோ ஒரே ஒரு தடவை.

“அதுக்குக் காத்திருக்கக் கத்துக்கொடுத்தது நாமதான்” என்றாள்.

அவர் தலையாட்டினார். கண் கீழ்த்தட்டுக்குப் போயிற்று. “இந்த ஆறும்…”

“மெஷின் பார்த்துக்கும்.”

“தினமுமா?”

“தினமும். நான் காலையில இந்தப் பக்கம் வரமாட்டேன். நீங்களும் அடுத்த ஞாயிறு வரக் கூடாது, சென்செய்.”

செய்யக் கூடாது என்று அவரிடம் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் பிடியிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டார். இருவரும் வெளியே வந்து கதவைப் பூட்டினார்கள். இனி எங்கே போவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மணி மூன்று பத்துதான் ஆகியிருந்தது.